கதை படித்துக் காட்டுவதும் விளையாட்டும்: சித்தூர் தாலுகா எல்லையோரப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஊர்களில் வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் பாதிப் பாதி, ஆபீஸ் போர்டில் மலையாளம். இந்தப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் வாரத்துக்கு இரண்டு மதியம் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டி வருகிறேன். பிள்ளையைக் கூட்டிப் போக வரும் அம்மாக்களும் அப்பத்தாக்களும் வாசலில் நின்று கேட்டவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அந்த நோட்டிலிருந்துதான் இந்தப் பக்கம்.

எழுத்தே தெரியாத மூன்று வயசுக் குழந்தைக்குப் புத்தகம் எதற்கு?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு நாள் முழுக்க வீட்டில் பிள்ளையிடம் நாம் என்ன பேசுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். சாப்பிடு, குளி, ஓடாதே, செருப்பைப் போடு, தம்பியை அடிக்காதே. முக்கால்வாசி ஏவல்தான். வேலை இருக்கிறது, வேறு வழியில்லை. கதைப் புத்தகத்தைத் திறந்தால் வேறு மாதிரிச் சொற்கள் வருகின்றன: பதுங்கியது, எட்டிப் பார்த்தது, மினுமினுத்தது, ஏமாந்து போனது. அதோடு "ஆனாலும்", "அதனால்", "அதற்குள்" போன்ற சின்னச் சொற்களும் வருகின்றன. இந்தச் சின்னச் சொற்கள் கைவசம் இருந்தால்தான் ஒரு குழந்தையால் காரணம் சொல்ல முடியும். "மழை வந்துச்சு, அதனால நான் வரல" என்று சொல்லும் பிள்ளைக்குப் பாதிப் படிப்பு வந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

பின்னால் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி "மி-னு-மி-னு" என்று படிக்கும்போது, முன்பே காதில் விழுந்த சொல்லாக இருந்தால் "அட, இதுவா!" என்று பிடித்துக்கொள்ளும். கேட்டே இராத சொல் என்றால், சரியாக எழுத்துக் கூட்டிய பிறகும் அது வெறும் ஓசையாகவே நிற்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. எது முன் அட்டை, எந்தப் பக்கமிருந்து புரட்டுவது, இந்தக் கறுப்புக் கறுப்பான கோடுகள் இன்றைக்கும் நாளைக்கும் அதே கதையைத்தான் சொல்லும் என்பதெல்லாம் மடியில் உட்கார்ந்திருக்கும்போதே புரிந்துவிடுகிறது. யாரும் இதைத் தனியாகச் சொல்லித் தருவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பிறந்ததிலிருந்தே படித்துக் காட்டச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுரை கொடுங்கள் என்று 2014இல் தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. பிறந்த குழந்தைக்கு எந்தக் கதையும் புரியாது. அம்மா குரல் பிடிக்கும். அந்தக் குரலோடு சேர்ந்து புத்தகமும் பிடித்துப் போகிறது.

நான் எட்டாவதுதான் படித்திருக்கிறேன். திக்கித் திக்கித்தான் படிப்பேன். நான் படித்துக் காட்டலாமா?

தாராளமாக. படங்கள் பெரிதாகவும் வரிகள் குறைவாகவும் இருக்கும் புத்தகம் எடுங்கள். பிள்ளை தூங்கிய பிறகு ஒரு முறை நீங்களே படித்துப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் திக்கினாலும் பரவாயில்லை, குழந்தை உங்களுக்கு மார்க் போடப் போவதில்லை.

படிக்கத் தெரிவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: நடுவில் நிறுத்திப் பேசுவது. பனை மரத்தின் மேல் காக்கா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "இது காக்காதானே?" என்று கேட்டால் "ம்" என்று தலையாட்டிவிட்டு முடிந்துவிடும். "காக்கா எங்க உக்காந்திருக்கு சாமி?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நாம் அவசரப்பட்டு நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம், அங்கேதான் கெட்டுப்போகிறது. "மரம்" என்று குழந்தை சொல்லும். "ஆமா, பனை மரம். உச்சியில உக்காந்திருக்கு" என்று அதன் சொல்லை எடுத்து நீட்டிக் கொடுங்கள். அடுத்த முறை அதே பக்கம் வரும்போது "உச்சி" என்று அதுவே சொல்லும். அந்தச் சந்தோஷத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையை அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் சோதித்துப் பார்த்து 1988இல் எழுதினார்கள். இரண்டு வயது, இரண்டரை வயதுக் குழந்தைகள்; வீட்டில் நான்கே வாரம். எல்லாப் பெற்றோரும் படித்துக் காட்டினார்கள். ஆனால் இப்படிக் கேட்டு, காத்திருந்து, நீட்டிச் சொன்ன வீட்டுப் பிள்ளைகள் பேச்சில் முந்திப் போயிருந்தார்கள். நம் ஊரில் அமுச்சிமார் (அம்மாவைப் பெற்ற பாட்டிமார்) கதை சொல்லும்போது "அப்புறம் என்னாச்சு தெரியுமா?" என்று நிறுத்துவார்களே, அதுவேதான்.

ஒரே கதையையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். புதுசு படித்தால் அழுகிறான்.

படியுங்கள், நாற்பதாவது தடவையும் படியுங்கள். முதல் தடவை என்ன நடக்கிறது என்று கேட்கிறான், பத்தாவது தடவை சொற்களைப் பிடிக்கிறான், இருபதாவது தடவை நீங்கள் ஒரு வரியை விட்டால் திருத்துகிறான். அந்தத் திருத்தல்தான் வாசிப்பின் வாசல்.

வீட்டில் தமிழ், ஸ்கூலில் மலையாளம். இரண்டு மொழியும் சேர்ந்தால் குழந்தை குழம்பிப் போகாதா? எதில் படித்துக் காட்டுவது?

குழம்பாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. தண்ணீர் கேட்க "அம்மா, வெள்ளம் வேணும்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசும், அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைவசம் இருக்கும் சொல்லை எடுத்துப் போட்டு வேலையை முடிக்கத் தெரிந்த பிள்ளை அது. இந்தப் பக்கத்தில் பெரியவர்களும் அப்படித்தானே பேசுகிறோம்.

எதில் படித்துக் காட்டுவது என்றால், உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் திட்டவும் தாலாட்டவும் வருமோ அதில். தமிழ் வீடு என்றால் தமிழில். "ஸ்கூல்ல மலையாளம்தானே, இப்பவே பழகட்டும்" என்று அரைகுறை மலையாளத்துக்கு மாறிவிடும் வீடுகளைப் பார்க்கிறேன். எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். குழந்தைக்கு வீட்டில் கிடைக்க வேண்டிய நிறைவான மொழி போய்விடுகிறது, மலையாளமும் ஒழுங்காக வருவதில்லை. ஒரு மொழியில் கதை கேட்டு, காரணம் சொல்லி, "அதற்குள்", "ஆனாலும்" எல்லாம் பழகிய பிள்ளை அடுத்த மொழியில் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. புதுச் சொல்லை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். மலையாளமோ தெருவிலும் அங்கன்வாடியிலும் பஸ்ஸிலும் டிவியிலும் வந்துகொண்டே இருக்கிறது. நம் வீட்டைத் தவிர வேறு எங்கும் முழுசாகக் கிடைக்காதது தமிழ்தான்.

இது வெறும் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். சித்தூர் ஒரு காலத்தில் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1இல் கேரளம் உருவானபோது எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றோம். அதே 1956இல் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியல் சாசனத்தில் 350-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியிலேயே கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. மூன்று முதல் எட்டு வயது வரைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2022இல் வந்தது. அதுவும் இந்த வயதில் கற்பிப்பது தாய்மொழியில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆகவே அங்கன்வாடியில் "தமிழ்ப் புத்தகமும் வையுங்க டீச்சர்" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அப்புறம், இரண்டு மொழி இருக்கும் ஊரில் கிடைக்கும் விளையாட்டு ஒற்றை மொழி ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காது. மழை என்று நான் சொன்னால் பிள்ளைகள் "மழ" என்பார்கள். தலை, தல. வாழை, வாழ. மலை, மல. ஆமை, ஆம. நான்கைந்து சொன்னதும் அவர்களே பிடித்துக்கொள்வார்கள்: கடைசி ஓசை மட்டும் மாறுகிறது. நாலு வயசில் ஒரு சொல்லின் கடைசி ஓசையைப் பிரித்துக் கேட்கத் தெரிவது எழுத்துக் கற்பதற்கு ரொம்பப் பெரிய துணை. மாங்காய்க்கு மாங்ங, தேங்காய்க்குத் தேங்ங என்று அடுத்த சுற்று போகலாம்.

மாட்டிக்கொள்ளும் சொற்களும் உண்டு, அவைதான் இன்னும் ருசி. வெள்ளம் வந்து எறும்புப் புற்றை அடித்துப் போன கதை ஒன்றைப் படித்தபோது, "வெள்ளத்தைக் குடிச்சிருக்கலாமே" என்று ஒரு பையன் கேட்டான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ஆட்டைப் பட்டியில் அடைத்தார்கள் என்றால், நாயோடு சேர்த்தா அடைத்தார்கள் என்று கண்ணை உருட்டுவார்கள், ஏனென்றால் அங்கே பட்டி என்றால் நாய். இதையெல்லாம் தவறு என்று ஒதுக்காமல், "நம்ம வீட்டுல என்ன சொல்லுவோம்? சேச்சி வீட்டுல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டுவிடுவேன். கதை பத்து நிமிடம் நின்றுபோகும். நிற்கட்டும்.

புத்தகத் தமிழ் நம் பேச்சு மாதிரி இல்லையே. "வந்துகொண்டிருந்தான்" என்றால் குழந்தைக்கு எப்படிப் புரியும்?

முதல் தடவை புத்தகத்தில் இருப்பதைப் படித்துவிட்டு உடனே நம் பேச்சில் சொல்லுங்கள்: "வந்துகொண்டிருந்தான். வந்துட்டு இருந்தானாம்." நான்கைந்து தடவைக்குப் பிறகு இரண்டாவது பாதி தேவைப்படாது. நம் கொங்குப் பேச்சைத் திருத்த இந்த நேரத்தைப் பயன்படுத்த வேண்டாம். அப்பாரு, அமுச்சி என்றே கதையில் வைத்துச் சொல்லுங்கள். தன் வீட்டுச் சொல் கதைக்குள் வந்தால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

எங்கள் அங்கன்வாடி டீச்சருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என்ன செய்வது?

டீச்சரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சமையல், எடை பார்ப்பது, பதிவேடு, கர்ப்பிணிகள் விவரம் என்று அவர்கள் தலையில் நிறைய இருக்கிறது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே சத்துணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மருத்துவப் பரிந்துரை, சத்துணவு பற்றிய அறிவு, முன்பருவக் கல்வி என்று ஆறு வேலைகளைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அதில் கதை சொல்லுவது ஒரு மூலை.

வாரம் ஒரு நாள் ஓர் அம்மாவோ அப்பத்தாவோ வந்து தமிழில் படிக்கட்டும். டீச்சர் கூடவே உட்காரட்டும். அதே கதையை மறுநாள் டீச்சர் மலையாளத்தில் சொல்லட்டும். கதை முன்பே தெரிந்திருப்பதால் மலையாளச் சொற்கள் பிள்ளைகளுக்குத் தானாக விளங்கும். எங்கள் பக்கம் இதை அப்படித்தான் செய்கிறோம், கதை கேட்டுக் கேட்டு எங்கள் டீச்சர் இப்போது தமிழ் எழுத்துகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார்.

விளையாடிக்கொண்டே இருந்தால் எப்போது படிக்கும்? பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்.கே.ஜி.யில் ஏபிசிடி எழுதுகிறது.

அந்தக் கவலை எனக்குப் புரியும். பக்கத்து வீட்டு நோட்டு கண்ணுக்குத் தெரிகிறது, நம் பிள்ளை கற்றது தெரிவதில்லை. தெரியும்படி சொல்கிறேன்.

திண்ணையில் மூன்று பிள்ளைகள் கடை வைத்து விளையாடுகிறார்கள். சிரட்டைத் தராசு, மண் அரிசி, இலை நோட்டு. ஒருத்தி கடைக்காரி, ஒருத்தன் கோவிந்தாபுரத்திலிருந்து மாங்காய் லோடு கொண்டு வரும் டிரைவர், ஒருத்தி கடன் கேட்கும் அக்கா. மூன்று நிமிடம் உற்றுக் கேளுங்கள். எண்ணுகிறார்கள், கூடுதல் குறைவு பார்க்கிறார்கள், "நாளைக்குத் தர்றேன்" என்று காலம் சொல்கிறார்கள். இலையை ரூபாயாக நினைக்கத் தெரிந்த குழந்தைதான் பின்னால் ஒரு வளைவுக் கோட்டை "அ" என்ற ஓசையாக நினைக்கும். ஒன்று இன்னொன்றைக் குறிக்கும் என்ற அறிவு முதலில் விளையாட்டில்தான் வருகிறது. அதோடு, லோடு இறங்கும் வரை கடைக்காரி பொறுத்திருக்க வேண்டும், சண்டை போட்டால் கடை கலைந்துவிடும். அந்தப் பொறுமையை எந்த நோட்டிலும் எழுதிப் பழக்க முடியாது.

பல்லாங்குழியில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு காய் போட்டுக்கொண்டே போகும் கை, எண்ணை வாயால் ஒப்பிப்பதோடு நிற்காமல் ஒன்றுக்கு ஒன்று பொருத்துகிறது. "ஒன்று முதல் நூறு வரை சொல்லுவான்" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளையிடம் ஏழு மாங்கொட்டை எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள், பல நேரம் கை நிறைய அள்ளி வருவான். நுங்கு தின்ற பிறகு மிச்சமாகும் காயில் குச்சி செருகி நுங்கு வண்டி செய்து ஓட்டும் பையன், அச்சு நடுவில் இல்லாவிட்டால் வண்டி ஆடும் என்று தானாகக் கண்டுபிடிக்கிறான். பனை ஓலைக் காற்றாடி எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றும் என்று ஓடி ஓடிப் பார்க்கிறான். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இதற்கென்றே வீசுகிறதோ என்று தோன்றும். கண்ணாமூச்சி, கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், கூட்டாஞ்சோறு எல்லாவற்றிலும் இப்படி ஒன்று இருக்கிறது.

பெரியவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பொருளைக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், கூப்பிட்டால் மட்டும் சேர்ந்து விளையாடுங்கள். "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று நடுவில் பரீட்சை வைத்தால் கடையை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

விஜயதசமிக்கு எழுத்தினிருத்து (முதல் எழுத்து எழுத வைக்கும் சடங்கு) முடித்துவிட்டோம். இனி எழுத வைக்கலாம் அல்லவா?

சித்தூர் குருமடத்தில் அன்றைக்குக் கூடும் கூட்டம் எல்லோருக்கும் தெரியும். மலையாளக் கவி எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் இடம், சோகநாசினி ஆற்றங்கரை. அங்கே பிள்ளையை மடியில் வைத்து எப்படி எழுத வைக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பென்சில் கிடையாது. அரிசி, ஒரு விரல், மேலே ஒரு பெரியவர் கை. அவ்வளவுதான். அந்த ஒரு நாள் செய்ததை அடுத்த இரண்டு வருஷமும் அதே மாதிரி செய்யுங்கள் என்றுதான் நான் சொல்லுவேன்: தட்டில் மணல், ராகி மாவு, ஈர மண், விரல்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயசில் அவற்றில் பல இன்னும் குருத்தாகவே இருக்கின்றன, எல்லாம் எலும்பாகி முடிய ஒன்பது பத்து வயதுக்கு மேலும் ஆகிறது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் "அ" எழுதச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். மாவு பிசையவும், பட்டாணி உரிக்கவும், பூக் கட்டும் நாரைப் பிரிக்கவும், கோலப் பொடியைக் கிள்ளிப் போடவும் விடுங்கள். பென்சில் பிடிக்கும் விரல்கள் அங்கேதான் தயாராகின்றன.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் மூண்டு இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் சில வருஷம் தங்கியிருந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி, ஓசையைச் சொல்லி, அதன் பிறகே பென்சிலுக்குப் போவது அவர் முறை. உப்புத்தாள் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். ஐந்தாறு எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டி வையுங்கள். பிள்ளை தானாகக் கேட்கும் நாள் வரும். அன்றைக்குத் தன் பெயரின் முதல் எழுத்திலிருந்து தொடங்கட்டும்.

எழுத்தைப் பார்க்கப் புத்தகம் மட்டும்தான் என்றும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். தமிழ்நாட்டு பஸ்ஸில் "பொள்ளாச்சி" தமிழில் வரும், கேரள பஸ்ஸில் "பாலக்காடு" மலையாளத்தில் வரும். இது எந்த ஊர் எழுத்து என்று சொல்லும் நாலு வயசுக்காரர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. இரண்டிலும் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது, ஆனாலும் எது எது என்று தெரியும்.

விளையாட்டுச் சாமான் வாங்கக் காசில்லை. வீட்டில் என்ன இருக்கிறது?

சிரட்டை, புளியங்கொட்டை, தீப்பெட்டி, பனை ஓலை, பழைய சேலைத் துணி, மூடியுள்ள டப்பாக்கள், கூழாங்கல். புளியங்கொட்டையைப் பாதி தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டைக்குப் பதில் ஆகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு மணிகளில் இரண்டு வகை உண்டு. முழுக்கச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி, குருவாயூர் கோயிலில் உருளியில் குவித்து வைத்துப் பிள்ளைகள் வாரி விளையாடுவார்களே, அது. இன்னொன்று சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி. குன்றிமணி கொடிய விஷம். மென்றோ உடைத்தோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பார்க்க ரொம்ப அழகு, அதனாலேயே பிள்ளைகள் வேலியில் பறித்து வருவார்கள். வீட்டிலும் அங்கன்வாடியிலும் அதை வைக்கவே வேண்டாம். மூன்று வயசுக்குக் கீழே எந்தக் கொட்டையும் மணியும் வேண்டாம், மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும். பெரிய பிள்ளைகளுக்கும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். எண்ணுவதும் ஒரு விளையாட்டாகிவிடும்.

மின்சாரம் போன ராத்திரிகளில் என்ன செய்வது?

இதை ஓர் அம்மா கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நம் ஜில்லாவிலேயே தோல்பாவைக் கூத்து இருக்கிறது. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் 21 விளக்கு ஏற்றி, திரைக்குப் பின்னால் தோல் பாவைகளை ஆட்டி, ராத்திரி ராத்திரியாகக் கம்பராமாயணத்தை நடத்துகிறார்கள். பாட்டு கம்பனின் தமிழ், விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்து வரும். தாருகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் பத்ரகாளியால் ராம ராவணப் போரைப் பார்க்க முடியவில்லையாம், அவளுக்காகத்தான் இந்தக் கூத்து என்பார்கள். ஷொர்ணூர்ப் பக்கம் கூனத்தறையில் இன்றும் குடும்பமாகச் செய்து வருகிறார்கள்.

வீட்டில் ஒரு வெள்ளை வேட்டி, ஒரு டார்ச், கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய நரியும் ஆடும் போதும். விளக்குக்குக் கிட்டே போனால் நரி பெரிதாகும், திரைக்குக் கிட்டே வந்தால் சின்னதாகும். இதைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகள் கதையையே மறந்து நரியை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டே இருப்பார்கள். கூச்சப்பட்டு வாயே திறக்காத பிள்ளைகள் திரைக்குப் பின்னால் நின்று நரிக்குக் குரல் கொடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஃபோனில் கதை போட்டுக் காட்டினால் போதாதா?

போதாது. ஃபோன் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்காது, பிள்ளை "மரம்" என்றால் "பனை மரம்" என்று நீட்டிச் சொல்லாது. உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைத்தால் இன்னும் நல்லது. வீடியோ காலில் கோயம்புத்தூர் அமுச்சி கதை சொன்னால் அது வேறு, அதற்குத் தடை இல்லை.

தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

பொள்ளாச்சி, கோயம்புத்தூர் பக்கம்தானே. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் புத்தகங்கள் தமிழில் விலை குறைவாகக் கிடைக்கும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் மலையாளத்திலும் படப் புத்தகங்கள் போடுகிறது. ஒரே கதையை இரண்டிலும் வாங்கினால் டீச்சரும் நீங்களும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், மலையாளம் இரண்டிலும் கதைகள் இலவசம். தரவிறக்கி அச்சடித்துத் தைத்துக்கொள்ளலாம், உரிமை கேட்க வேண்டியதில்லை.

கிராமத்து நூலகத்தை மறக்காதீர்கள். பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தால் கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை உண்டு, பலவற்றில் பாலவேதி என்ற பிள்ளைகள் மன்றமும் உண்டு. அவர் நினைவு நாளான ஜூன் 19ஐத்தான் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். தமிழ்ப் புத்தகம் இல்லை என்றால் நான்கைந்து வீட்டார் சேர்ந்து செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். கேட்காததால்தான் பல இடங்களில் வாங்காமல் இருக்கிறார்கள்.

உட்காரவே மாட்டேன் என்கிறாள். ஓடுகிறாள்.

ஓடட்டும். காது இங்கேதான் இருக்கிறது. படிப்பதை நிறுத்திப் பாருங்கள், திரும்பி வருவாள்.

அப்பாக்கள்?

கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில் ஷிஃப்ட், தென்னந்தோப்பில் விடியக்காலை வேலை, லாரி. நேரம் இல்லை என்பது நிஜம். வாரத்தில் ஒரே ஒரு கதை போதும். அப்பா குரலில் புலி உறுமினால் அந்த வாரம் முழுக்கப் பேச்சு அதுதான்.

பேச்சு வராத பிள்ளையை எப்போது காட்ட வேண்டும்?

இரண்டு வயது முடிந்தும் "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது என்றால் காத்திருக்க வேண்டாம். "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று தள்ளிப் போடவும் வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அங்கன்வாடி டீச்சரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். வீட்டில் இரண்டு மொழி பேசுவதுதான் காரணம், ஒன்றை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கதை முடிந்ததும் என்ன புரிந்தது, என்ன நீதி என்று கேட்கலாமா?

தொடங்கிய காலத்தில் நான் கேட்டேன். எழுத்தையும் காட்டி "இது என்ன, சொல்லு" என்பேன். ஒரு பையன் பாய்க்கு வருவதையே நிறுத்திவிட்டான், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொள்வான். இரண்டு வாரம் எனக்குக் காரணமே தெரியவில்லை. அவன் அம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறான்: "அங்க போனா கேப்பாங்க." அன்றோடு விட்டேன். இப்போது கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நானும் சும்மா உட்கார்ந்திருப்பேன். பேச வேண்டியதை அவர்களே பேசுவார்கள்.

எங்கள் ஊரில் தொடங்க வேண்டும் என்றால் முதல் நாள் என்ன வேண்டும்?

ஒரு பாய், எல்லோருக்கும் படம் தெரியும் அளவில் ஒரே ஒரு புத்தகம், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நாளும் நேரமும் மாறக் கூடாது. வியாழன் மதியத் தூக்கம் முடிந்து முகம் கழுவியதும் என்றால் எல்லா வாரமும் அப்போதுதான். டீச்சரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை முன்னால் உட்கார வையுங்கள், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் படம் இருட்டாகத் தெரியும், அதனால் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். பதினைந்து நிமிடம் போதும். முடிந்ததும் புத்தகத்தை அலமாரியில் பூட்டாமல் பாயிலேயே விட்டுவிடுங்கள். கிழியும். கிழிந்தால் அடுத்த வியாழன் பிள்ளைகளை வைத்தே பசை தடவி ஒட்டலாம்.